கப்பலா, கழிவா? கிளெமென்சோவின் கடைசிப் பயணம்

பழைய கப்பலை விற்க முனைவோர் செய்யும் ஆயத்தங்கள் இருவகைப்படும். தொடர்ந்து ஓடுவதற்காகக் கப்பல் விற்கப்படுமாயின், அடிப்பாகத்தில் ஒட்டி வளர்ந்த சிப்பிகளைச் சுரண்டி, துருவை நீக்கி, வண்ணம் பூசி, எந்திரங்களைச் செப்பனிட்டுக் காட்டுவர். உடைப்பதற்காக விற்கப்படுமாயின் இவை எவையும் வேண்டியதில்லை. எஃகின் எடையே விலையைத் தீர்மானிக்கிறது. அப்போது ஒரு கேள்வி எழுகிறது: எஃகோடு சேர்ந்து கிடக்கும் நஞ்சை அகற்ற வேண்டியவர் விற்பவரா, வாங்குபவரா? பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பலான கிளெமென்சோவின் வரலாறு இக்கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

1957இல் நீரில் இறக்கப்பட்டு 1961இல் பணியில் சேர்ந்த அக்கப்பல் 1997இல் ஓய்வுபெற்றது. பிரான்சு கல்நார்ப் பயன்பாட்டைத் தடைசெய்ததும் அதே ஆண்டில்தான். கொதிகலன்கள், நீராவிக் குழாய்கள், அறைத் தடுப்புகள் எனத் தீயும் வெப்பமும் தாக்கக்கூடிய இடங்களில் கல்நாரைப் பொதிவது கிளெமென்சோ கட்டப்பட்ட காலத்தின் வழக்கம். கப்பல் ஓடும்வரை அந்த இழை பாதுகாப்பு அளித்தது. உடைக்கும்போது அதுவே தூளாகி நுரையீரலுக்குள் புகக்கூடியது. ஓய்வுக்குப் பின் கப்பல் தன் பெயரை இழந்து, ஏடுகளில் ‘க்யூ 790’ என்னும் வெற்றுடலாகக் குறிக்கப்பட்டது.

2003இல் ஒரு ஸ்பானிய நிறுவனத்துக்கு அது விற்கப்பட்டது. ஸ்பெயினில் உடைக்கப்பட வேண்டிய கப்பல் துருக்கியை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டதால் அந்த ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த ஒப்பந்தத்தின்படி தூலோன் துறைமுகத்தில் கல்நாரின் ஒரு பகுதியை அகற்றிவிட்டு, எஞ்சியதைக் குஜராத்தின் ஆலங்கில் அகற்றுவது என முடிவாயிற்று. அகற்றப்பட்டது 115 டன், எஞ்சியிருப்பது 45 டன் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. தூலோனில் அப்பணியில் ஈடுபட்ட நிறுவனமோ, எஞ்சியது 500 டன்னுக்கும் குறையாது என்றது. அகற்றியதாகச் சொல்லப்பட்ட எடைக்கும் கழிவுக் கிடங்கைச் சென்றடைந்த எடைக்கும் இடையே ஏறத்தாழ 30 டன் இடைவெளி இருந்ததும் பின்னர் வெளிப்பட்டது. மிச்சத்தையும் எடுத்தால் கப்பல் கடற்பயணத்தைத் தாங்காது என்பது பிரான்சு முன்வைத்த காரணம்.

2005 டிசம்பர் 31 அன்று இழுவைக் கப்பலின் துணையுடன் கிளெமென்சோ தூலோனை விட்டுப் புறப்பட்டது. எகிப்து அதைச் சில நாள்கள் தடுத்து வைத்துப் பின்னர் சூயசு கால்வாயில் நுழைய அனுமதித்தது. உடைப்புக்கு முன் கப்பலை நஞ்சுநீக்கம் செய்வது உரிமையாளரின் கடமை என இந்திய உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபரிலேயே ஆணையிட்டிருந்தது. அந்நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு கிளெமென்சோவைப் பற்றி ஆராய்ந்தபோது உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றியது. கப்பல் இந்தியக் கடலெல்லைக்குள் நுழையாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வழக்கின் மையத்தில் இருந்தது ஒரு சொல். அபாயகரமான கழிவுகள் எல்லை கடந்து செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கை 1992 முதல் நடைமுறையில் உள்ளது. கிளெமென்சோ ‘கழிவு’ எனில் அந்த உடன்படிக்கை அதற்குப் பொருந்தும். ‘போர்க்கப்பல்’ எனில் பொருந்தாது. பிரெஞ்சு அரசு இரண்டாவது சொல்லைப் பற்றிக்கொண்டது. 2006 பிப்ரவரி 15 அன்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அன்றே குடியரசுத் தலைவர் ழாக் சிராக் கப்பலைத் திரும்ப அழைத்தார். அவருடைய இந்தியப் பயணத்துக்குச் சில நாள்களே இருந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு அது மே மாதம் பிரெஸ்ட் துறைமுகத்தை அடைந்தது. 2009இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே பிரித்தெடுக்கப்பட்டது.

கிளெமென்சோ விதிவிலக்கு. பிற கப்பல்களின் வரலாறு வேறுவகையாக முடிந்தது. ‘பிரான்சு’ எனப் பிறந்து ‘நார்வே’ எனப் பெயர் மாறிய பயணிகள் கப்பல் 2005இல் ஜெர்மனியிலிருந்து மலேசியாவுக்குச் சென்றது. புறப்படும்போது உடைப்பைப் பற்றிய பேச்சே இல்லை. அடுத்த ஆண்டு ‘புளூ லேடி’ என்னும் பெயரோடு, ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கல்நார்ப் பொருள்களுடன் ஆலங்கில் கரையேறியது. 2007இல் உச்ச நீதிமன்றம் அதை உடைக்க அனுமதித்தது. 700 தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் வேலையும் 41,000 டன் எஃகும் அத்தீர்ப்பில் எடைபோடப்பட்டன. 1989இல் அலாஸ்காக் கடலில் எண்ணெயைக் கொட்டிய ‘எக்சான் வால்டெஸ்’ பல பெயர்களைக் கடந்து, 2012இல் ‘ஓரியண்டல் நைசிட்டி’யாக ஆலங்கில் முடிந்தது. பெயர் மாற்றம், கொடி மாற்றம், இடைத்தரகருக்குக் கைமாற்றம் ஆகியவை இன்று உடைப்பு விற்பனையின் வழக்கமான ஆயத்தங்கள். கப்பலைத் தூய்மை செய்வதைவிட அதன் ஆவணங்களைத் தூய்மை செய்வது மலிவானது.

அந்த மலிவின் மறுபக்கம் ஆலங்கின் மணலில் இருக்கிறது. காம்பே வளைகுடாவின் ஓத வேறுபாடு மிகப் பெரிது. உயரோதத்தில் கப்பலைக் கரைமேல் ஓட்டி நிறுத்தி, நீர் வடிந்தபின் வெட்டத் தொடங்குவது 1983 முதல் அங்கு நிலவும் முறை. வெட்டுபவர்களுள் பெரும்பாலோர் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்டு ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கல்நாரால் வரும் நோய் வெளிப்படப் பத்தாண்டுகள் பல ஆகலாம். அதற்குள் தொழிலாளி ஊர் திரும்பியிருப்பார். அவருடைய இருமலை எந்தக் கப்பலின் கணக்கிலும் எழுத இயலாது. தூலோனில் மிச்சப்படுத்தப்பட்ட செலவு இவ்வாறுதான் இன்னொருவர் உடலுக்கு மாற்றப்பட இருந்தது.

2009இல் உருவான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2019இல் அதில் இணைந்து, அதே ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றியது. ‘உடைப்பு’ என்ற சொல் சட்டத்தின் பெயரில் ‘மறுசுழற்சி’ ஆயிற்று. கப்பலில் உள்ள அபாயகரமான பொருள்களின் பட்டியல் கட்டாயமாயிற்று. இது மெய்யான முன்னேற்றமே. எனினும், அப்பொருள்களை ஏற்றுமதிக்கு முன்பே முழுவதும் அகற்ற வேண்டும் என்ற கடமையை அந்த உடன்படிக்கை விதிக்கவில்லை. போர்க்கப்பல்கள் அதன் வரம்புக்கே வெளியே நிற்கின்றன. கிளெமென்சோ இன்று புறப்பட்டாலும் புதிய உடன்படிக்கை அதைத் தொடாது. அதைத் திருப்பி அனுப்பிய அதே பழைய சொல் வழக்கைத்தான் மீண்டும் தொடுக்க வேண்டியிருக்கும்.