பெரோவ்சுகைட்டு சூரிய மின்கலத்தின் எதிர்மின்னி கடத்து அடுக்கு: வரலாறு

பெரோவ்சுகைட்டு சூரிய மின்கலத்தில் ஒளி விடுவிக்கும் எதிர்மின்னிகளை மின்முனைக்குக் கொண்டு சேர்ப்பது எதிர்மின்னி கடத்து அடுக்கு ஆகும். 2009-இல் சப்பானின் சுடோமு மியாசகா குழு, சாயமேற்றிய சூரிய மின்கலங்களில் ஏற்கெனவே பயன்பட்டு வந்த டைட்டானியம் டையாக்சைடையே இதற்கு எடுத்துக்கொண்டது. கிடைத்த திறன் 3.8%. கலத்திலிருந்த நீர்ம மின்பகுளி பெரோவ்சுகைட்டைக் கரைத்துவிட்டது.

2012-இல் திண்மநிலைக் கலங்கள் வந்தன. திறன் 10 விழுக்காட்டை எட்டியது. ஆனால் டைட்டானியம் டையாக்சைடின் குறைகள் அப்படியே நின்றன. நுண்துளை அடுக்கை ஏறத்தாழ 450–500 °செ-இல் சுட வேண்டும். நெகிழித் தாள் அதைத் தாங்காது. புற ஊதாக்கதிர் பட்டால் அது ஒளிவினையூக்கியாகி, ஒட்டியுள்ள பெரோவ்சுகைட்டைச் சிதைக்கும். ஓசூர் போன்ற தொழில்நகரின் ஆலைக் கூரையில் ஆண்டுக்கணக்கில் வெயில் காய வேண்டிய கருவிக்கு இது சிறு குறையன்று.

2015–16 ஆண்டுகளில் வெள்ளீய ஆக்சைடு முன்னுக்கு வந்தது. 150 °செ போதும். புற ஊதாவைக் குறைவாகவே உறிஞ்சும். இவ்வடுக்கைச் செம்மைப்படுத்திய கலங்கள் 2021-இல் 25 விழுக்காட்டைக் கடந்தன.