அழிக்கப்பட்ட பெயரும் அழியாத பெயரும்

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலான கடற்கரை ஊர்களில் நம் முதியோரிடம் பழங்கதை கேட்கத் தொடங்கினால் மூன்று சொற்கள் தவறாமல் செவியில் விழும். ஒன்று 'சபர்', மற்றொன்று 'பினாங்கு', மூன்றாவது 'ரஜுலா'. முதலாவது, பயணத்தைக் குறிக்க அரபு மொழி நமக்கு ஈந்த சொல். இரண்டாவது, பிழைப்புத் தேடிப் போன ஊர். மூன்றாவது, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல். அதில் ஏறிச் சென்ற சபராளிகளுள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். கப்பலும் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் அதன் பெயர் மட்டும் நம் இல்லங்களில் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது.

அப்பெயரை இத்துணை அன்போடு சொல்லிவரும் நம்மவருள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அக்கப்பல் உடைக்கப்பட்டபோது அதன் பெயர் ரஜுலா அன்று! அதன் இறுதிக் காலத்தில் பழைய பெயர் அழிக்கப்பட்டு, வேறொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்த அழிப்பையும் அந்த எழுத்தையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கப்பலின் கதை

ரஜுலா 1926ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் நிறுவனத்தாரால் கட்டப்பட்டது. அதன் கொள்ளளவு 8,478 டன். உடைமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார். ரஜுலா என்பது குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூரைக் கண்ணாலும் காணாத தஞ்சைத் தரணி மக்களின் நாவில் அவ்வூர்ப் பெயர் குடியேறியது ஒரு வியப்பே.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மக்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்குச் சென்று திரும்புவது அதன் வழக்கம். அறைகளில் செல்வோர் சிலர். மேல்தளத்திலும் கீழ்த்தளங்களிலும் பாய் விரித்துச் செல்வோரோ பல்லாயிரவர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அக்கப்பல் தொடக்கத்தில் உரிமம் பெற்றிருந்தது. தோட்டத் தொழிலாளர், துணி வணிகர், பணமாற்றுவோர், உணவுக்கடைப் பணியாளர் எனப் பலரும் அத்தளங்களில் தோளோடு தோள் உரசிச் சென்றனர்.

அதே 1926இல், அதே வழித்தடத்துக்கென அதே கம்பெனியார் கட்டிய இன்னொரு கப்பல் ரோனா. இரண்டாம் உலகப் போரில் இரண்டும் படைவீரரை ஏற்றிச் செல்லும் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டினால் ரோனா மூழ்கியது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்க வீரர். கப்பல் பணியாளரான இந்தியரும் அவர்களோடு மடிந்தனர். ரோனா தன் பெயரோடு கடலடியில் உறங்குகிறது. போரில் தப்பிய ரஜுலாவோ மீண்டும் நம் கரைக்கு வந்து மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது.

பெயரெழுதும் முறை

கப்பலுக்குப் பெயரெழுதுவது வீட்டு வாயிலில் பெயர்ப்பலகை மாட்டுவது போன்று உடைமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட செயல் அன்று. ரஜுலா கடலில் இறங்கியபோது நடைமுறையில் இருந்த 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பற் சட்டம் இதனை நுணுக்கமாக வகுத்திருந்தது. கப்பலின் முன்புறமான அணியத்தின் இரு பக்கங்களிலும் பெயர் இருத்தல் வேண்டும். பின்புறமான அமரத்தில் பெயரோடு பதிவுத் துறைமுகமும் இருத்தல் வேண்டும். கரிய தளமாயின் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து; வெளிறிய தளமாயின் கறுப்பு எழுத்து. எழுத்தின் அளவு நான்கு அங்குலத்திற்குக் குறைதல் கூடாது. அரசின் முன் அனுமதியின்றிப் பெயரை மாற்றுதலும் கூடாது.

இத்தனை கட்டுப்பாடு ஏன்? பெயரை மாற்றிய கப்பல் தன் பழியையும் கடனையும் மறைத்துக்கொள்ளக்கூடும் என்பதே காரணம். இதற்கு நம் வரலாற்றிலேயே கசப்பான சான்றுண்டு. 1694இல் இரண்டாம் சார்லஸ் என்னும் பெயர் தாங்கிய ஆங்கிலக் கப்பல் ஒன்றை அதன் மாலுமிகள் கலகம் செய்து கைப்பற்றி, 'ஃபேன்சி' எனப் பெயர் மாற்றினர். அவர்தம் தலைவன் ஹென்றி எவரி. மறு ஆண்டே அப்புதுப்பெயரோடு வந்த அக்கப்பல், ஹஜ்ஜுப் பயணிகளோடு சூரத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த அவுரங்கசீப் பேரரசரின் 'கஞ்சே ஸவாயீ' என்னும் பெருங்கப்பலைச் சூறையாடியது. பெயர் மாற்றம் சில வேளைகளில் குற்றத்தின் முகமூடியாகும் என்பதை இதனால் அறியலாம்.

எனவே சட்டம் செய்தோர் இன்னொரு காப்பும் செய்தனர். கப்பலின் அதிகாரபூர்வ எண்ணையும் கொள்ளளவையும் அதன் நடு உத்திரத்தில் வெட்டிப் பொறிக்குமாறு விதித்தனர். பெயரை மட்டும் மாற்றினால் அவ்வெண் மாறாது. வண்ணத்தில் எழுதியது பெயர். வெட்டிப் பொறித்தது எண். பிற்காலத்தில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இதனை மேலும் விரிவாக்கியது. ஏழு இலக்க அடையாள எண்ணை 1987இல் வகுத்து, பயணிக் கப்பல்களுக்கும் பெரிய சரக்குக் கப்பல்களுக்கும் 1996 முதல் அதனைக் கட்டாயமாக்கியது. கப்பல் எத்தனை கை மாறினும், எந்நாட்டுக் கொடியின்கீழ் ஓடினும் அவ்வெண் அதனை விட்டு நீங்குவதில்லை.

அழிக்கும் கைகளும் எழுதும் கைகளும்

பெயரை அழிப்பது எளிய பணியென எண்ணிவிடுதல் கூடாது. மேல்தளத்திலிருந்து கயிற்றில் இறக்கிய தொங்கு பலகையில் அமர்ந்து, காற்றில் ஆடிக்கொண்டே செய்யும் வேலை அது. ஆண்டுதோறும் பூசிய வண்ணம் அடுக்கடுக்காய் ஏறித் தடித்திருக்கும். அதன்மேல் புதுவண்ணத்தை அப்படியே பூசிவிட்டால், சாய்ந்த வெயிலில் பழைய எழுத்தின் விளிம்புகள் புடைத்துத் தோன்றி மறைத்த பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சிறு சுத்தியலால் தட்டிப் பெயர்த்து, சுரண்டியால் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இரும்பு தெரியும்வரை கொண்டுவர வேண்டும். பல கப்பல்களில் எழுத்தின் எல்லைக்கோடு உளியாலோ பற்றவைப்பாலோ இரும்பிலேயே பதிந்திருக்கும். அதனையும் தேய்த்துச் சமப்படுத்தினாலன்றிப் பழைய பெயர் ஒழியாது.

பின்னர்த் துரு ஏறாதிருக்கச் சிவப்பு ஈய வண்ணம் பூசி, அது உலர்ந்தபின் மேல்வண்ணம் தீட்டி, சுண்ணப்பொடி தோய்ந்த நூலைத் தெறித்துக் கோடு போட்டு, அளந்து புதிய எழுத்தை எழுதுவர். அணியம் வளைந்து ஏறும் வடிவினது. ஆதலால் தரையில் நேராக எழுதும் கணக்கு அங்கே செல்லாது. மேலும், இடமிருந்து வலமாகச் செல்லும் எழுத்தாயின், கப்பலின் இடப்பக்கத்தில் முதலெழுத்தும் வலப்பக்கத்தில் இறுதியெழுத்தும் கப்பலின் முனையை ஒட்டி அமையும். அரபு எழுத்தாயின் இது நேர்மாறாகும். ஒரே பெயரை இரு பக்கமும் எழுதுவோன் இரு வேறு கணக்குப் போட வேண்டியவனாகிறான்.

1973

பிரிட்டிஷ் கம்பெனி ரஜுலாவை 1973இல் இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்றது. 1961இல் உருவான அரசு நிறுவனம் அது. புதிய உடைமையாளர் இட்ட பெயர் 'ரங்கத்'. அந்தமான் தீவுக்கூட்டத்தில் நடு அந்தமானிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. ஆங்கில எழுத்தில் நோக்கினால் பழையதும் ஆறெழுத்து, புதியதும் ஆறெழுத்து; முதல் இரண்டெழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. அணியத்தில் மாறியவை நான்கே எழுத்துகள். அந்நான்கு எழுத்துகளின் மாற்றத்தில் 47 ஆண்டுப் பெயர் முடிவுற்றது! புதுப்பெயரும் நீண்டநாள் நிலைக்கவில்லை. 1974இல் அக்கப்பல் பம்பாயில் உடைப்பாரிடம் சென்றது.

அதே காலத்தில் அதே கழகம் இன்னொரு கப்பலின் பெயரையும் மாற்றியது. 1966இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டு, ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே ஓடிய 'பாஸ்டர்' என்னும் கப்பலை அது 1972இல் வாங்கியிருந்தது. மாபெரும் பிரெஞ்சு அறிஞர் ஒருவரின் பெயர் அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் 'சிதம்பரம்' என எழுதப்பட்டது. ரஜுலா ஓடிய தடத்தில் அக்கப்பல் ஓடத் தொடங்கியது. 1984 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். மறு ஆண்டு அதுவும் உடைப்பாரிடம் சென்றது. தமிழகக் கரைக்கும் மலாய்க் கரைக்கும் இடையே தலைமுறை தலைமுறையாய் நடந்துவந்த பயணிக் கப்பல் போக்குவரத்தும் அத்தோடு ஓய்ந்தது.

மக்கள் இட்ட பெயர்

'சிதம்பரம்' ஓடிய நாளில் இக்கட்டுரையாளன் சிறுவன். எங்கள் தெருவில் மூதாட்டியார் ஒருவர் இருந்தார். மகன் ஊர் திரும்பும் நாள் நெருங்கினால், "ரஜுலா வந்துடுச்சா வாப்பா?" என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்பார். "அது சிதம்பரம், பெத்தா" என்று நாங்கள் திருத்துவோம். "எந்தப் பேரா இருந்தா என்ன, எனக்கு அது ரஜுலாதான்" என்பார். அன்று நாங்கள் நகைத்தோம். இன்று எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் விளங்குகிறது. கப்பலின்மேல் எழுதும் உரிமை உடைமையாளருக்கு உண்டு. அதனை அழைக்கும் உரிமை அதில் தம் மக்களை அனுப்பியோருக்கும் உண்டு. நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையை அணுகாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்று, அலையில் ஆடிக்கொண்டே அண்ணாந்து நோக்கியவனுக்கு அந்த இரும்புச் சுவரின்மேல் தெரிந்தது அப்பெயரே. அந்நினைவைச் சுரண்டி எடுக்கும் சுரண்டி எத்துறைமுகத்திலும் இல்லை.

எனினும் இத்துடன் மனநிறைவு கொள்வதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் மலேசியாவிலிருந்து இளைஞர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். தம் பாட்டனாரின் வீட்டையும் உறவினரையும் தேடிவந்தவர் அவர். அவரிடம் இருந்த செய்தி ஒன்றே: "எங்க பாட்டனார் ரஜுலாவுல வந்தாங்க." எந்த ஆண்டு என்று கேட்டோம், தெரியவில்லை. எத்துறையில் ஏறினார் என்று கேட்டோம்; அதுவும் தெரியவில்லை. 47 ஆண்டுகள் ஓடிய கப்பலில் ஆண்டு தெரியாமல் ஒரு மனிதரை எங்ஙனம் தேடுவது? அவர் வெறுங்கையோடு திரும்பினார். பின்னர் விசாரித்ததில், அவர் குடும்பத்தோடு தொடர்புடையதாகக் கருதத்தக்க வீடொன்றில் பழைய கடிதங்களும் பயணச்சீட்டுகளும் அடங்கிய தகரப்பெட்டி இருந்ததென்றும், வீடு இடித்துக் கட்டியபோது அது பழைய காகித விலைக்குப் போய்விட்டதென்றும் அறிந்தோம்.

இங்கேதான் உண்மை உறைக்கிறது. உடைமையாளர் பெயரை அழித்தனர். ஆனால் எண்ணையும் ஏட்டையும் காத்தனர். நாமோ பெயரைக் காத்தோம், ஏட்டைத் தொலைத்தோம். அதனால்தான் கப்பலின் வயதையும் எடையையும் இன்று நம்மால் சொல்ல முடிகிறது; அதில் சென்ற நம் பாட்டனார் ஏறிய ஆண்டைச் சொல்ல முடியவில்லை.

அழித்தலும் படியெடுத்தலும்

அரபு மொழியில் 'நஸ்க்' என்றொரு சொல் உண்டு. வெயில் வந்து நிழலை அகற்றுவதையும் அச்சொல்லால் குறிப்பர். ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதுவதையும் அச்சொல்லாலேயே குறிப்பர். நீக்குதல், படியெடுத்தல் ஆகிய இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பதை மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ரஜுலாவின் நினைவு வரும். தொங்கு பலகையில் அமர்ந்த தொழிலாளி செய்தது முதற்பொருளிலான நஸ்க். நாம் செய்யத் தவறியது இரண்டாம் பொருளிலான நஸ்க்.

'சஃபீனா' என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. அரபியில் அது கப்பல். பாரசீகப் புலவரோ பலவகை எழுத்துகளைத் தொகுத்துவைக்கும் ஏட்டையும் அப்பெயராலேயே அழைத்தனர். 14ஆம் நூற்றாண்டில் தப்ரீஸ் நகரில் தொகுக்கப்பட்ட 'சஃபீனயே தப்ரீஸ்' என்னும் பெருந்தொகுப்பு இதற்குச் சான்று. மனிதரைக் கரைசேர்ப்பது ஒரு சஃபீனா. அவர்தம் செய்தியைக் கரைசேர்ப்பது மற்றொரு சஃபீனா.

முதல் சஃபீனா உடைந்துவிட்டது. அதனை மீட்க இயலாது. இரண்டாவதை ஒவ்வோர் இல்லத்திலும் கட்டலாம். அதற்கு ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதும் போதும். வீட்டில் மூத்தவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவரருகே அமர்ந்து, யார் சென்றார், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எத்துறையில் ஏறினார், எத்துறையில் இறங்கினார், எக்கடையில் வேலை பார்த்தார் என ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதி வைப்போம். பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதிலுள்ள முத்திரைத் தேதியைப் படியெடுப்போம். பரணிலுள்ள தகரப்பெட்டியைத் திறந்து பாராமல் விலைக்குப் போடாதிருப்போம்.

நாளை ஒருவர் கடல் கடந்து வந்து நம் வாயிலில் நின்று, "எங்க பாட்டனார் ரஜுலாவுல வந்தாங்க" என்று சொன்னால், ஏட்டைப் புரட்டி, "ஆம், இந்த ஆண்டில், உள்ளே வாருங்கள்" என்று கூற நமக்கு இயல வேண்டும்.