கேட்பவர் எங்கே இருக்கிறார்?

முதன்முதலாகப் பாட்காஸ்ட் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மைக்கைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். குரலைத் தொலைவுக்கு அனுப்பிப் பார்த்த நம் முன்னோடிகளின் வரலாற்றைப் புரட்டினால், அவர்கள் இடறியது கருவியில் அல்ல என்று தெரிகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. அது அரசு நிலையமுமல்ல, வணிக நிறுவனமுமல்ல. ஆர்வலர்கள் கூடி நடத்தியது. 40 வாட் கருவியில் ஆரம்பித்துப் பிறகு 200 வாட்டுக்குப் போனார்கள். மாலையில் இசையும் உரைகளும் ஒலித்தன. சென்னையில் பாடகர்களுக்கா பஞ்சம்? ஆனாலும் 1927 அக்டோபரில் பணமில்லாமல் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது. ஒலியை அனுப்ப ஆளிருந்தது. அதை வாங்கிக் கேட்கும் பெட்டியோ வசதி படைத்த சில வீடுகளில்தான் இருந்தது.

பொழுதுபோக்குக்காக நடத்தியதால் நின்றுபோனது, முதல் போட்டு நடத்தியிருந்தால் நிலைத்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். அப்படி நடத்தியும் பார்த்தார்கள். 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி, பங்கு முதலீடும் உரிமக் கட்டணத்தில் பங்கும் கையிலிருந்தும், 1930 மார்ச்சில் கலைக்கப்பட்டது. கிளப்புக்கும் கம்பெனிக்கும் ஒரே நோய்தான்: கேட்பவர் தம் செலவில் பெட்டி வாங்கிக்கொண்டு தங்களைத் தேடி வருவார் என்று நம்பியது. கிளப்பின் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் வேறு வழியில் போனது. கடற்கரை, பூங்கா, பள்ளிக்கூடம் என ஆட்கள் ஏற்கெனவே கூடும் இடங்களுக்கு ஒலிபெருக்கியைக் கொண்டுபோனது. காற்று வாங்க வந்தவர் காசில்லாமல் கச்சேரி கேட்டார். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை அந்தச் சேவை தாக்குப்பிடித்தது. கிளப்பின் மூன்றாண்டுகளைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மாநகராட்சிக்குக் கருவியும் கிடைத்தது, எதைச் செய்யக் கூடாது என்ற அறிவும் கிடைத்தது.

மாநகராட்சியிடம் வரிப்பணம் இருந்தது, தனியாட்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. இதற்குத் தெலங்கானாவின் மாச்சனூர் பதில் சொல்கிறது. டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் அங்கே 1998-லேயே ஒலிப்பதிவுக்கூடத்தோடு தயாராக இருந்தார்கள், உரிமம்தான் இல்லை. காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருந்தும், முதலில் கல்வி நிறுவனங்களுக்குத்தான் கதவு திறந்தது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழக வளாக வானொலி வந்தது அப்படித்தான். தொண்டு அமைப்புகளுக்கு 2006 வரை அனுமதியில்லை. அந்தப் பெண்களின் சங்கம் ரேடியோ முறைப்படி ஒலிபரப்பியது 2008 அக்டோபர் 15 முதல். இடைப்பட்ட காலத்தில் விதை, பயிர், மருத்துவம், பாட்டு எனப் பதிவுசெய்த கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். அலைவரிசையே இல்லாத அந்த ஒலியை இன்றைய பாட்காஸ்டின் மூத்த அக்கா என்றே சொல்வேன். கேட்டவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால், எது புரிந்தது, எது சலித்தது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, இதெல்லாம் பழங்கதை என்பது கடைசி ஆட்சேபம். பெட்டி வாங்கும் சிக்கல் தீர்ந்தது உண்மைதான். ஆனால் போன் வைத்திருப்பவர் தேடி வந்து கேட்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சேர்வராயன் மலையில் தலைச்சோலை போன்ற ஓர் ஊரிலிருந்து முதல் பாட்காஸ்ட் வருவதாக வைத்துக்கொள்வோம். ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணியைக் குறிவைத்து ஏரி, காப்பி, கொண்டை ஊசி வளைவு என்று பேசத்தான் கை துறுதுறுக்கும். அதற்கு மலைக்காரர் தேவையில்லை, சேலத்திலிருந்தே பேசிவிடலாம். அந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் இருப்பது வேறு: காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் ஆளுக்கொன்றாகக் குடியேறினார்கள் என்ற வழிவழிக் கதை. அதை நாம் அச்சில் படிப்பது பெரும்பாலும் தர்ஸ்டன் போன்ற ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்தபடி. சொன்னவரின் குரல் அதில் இல்லை. ஒரு பெரியவரின் வாயால் அதைப் பதிவுசெய்து, இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஊர்க் கூட்டத்திலோ மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவிலோ போட்டுக்காட்டினால், எந்தத் தம்பி எந்த மலைக்குப் போனான் என்று நாலு பேராவது மறுத்துப் பேசுவார்கள். அந்தச் சண்டையையும் பதிவுசெய்துகொள்ள வேண்டும்.