முதுமை பற்றிய நம்பிக்கைகள்

முதுமை என்றால் தளர்ச்சியும் மறதியுமே என்னும் பரவலான எண்ணம் உண்மைக்குப் பொருந்தாதது. இதைக் காட்டும் இரு எடுத்துக்காட்டுகள், முதியோர் பங்கு மிகுந்த கேரளத்திலிருந்து வருகின்றன: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு 60 வயதை எட்டியோர் ஏறத்தாழ 12.6 விழுக்காடு; இந்திய அளவில் 8.6 விழுக்காடு.

கற்றல்: முதிய வயதில் புதிதாகக் கற்க இயலாது என்பது தவறு. ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மா 2018இல், தம் 96ஆம் வயதில், கேரள எழுத்தறிவு இயக்கத் தேர்வில் 100க்கு 98 மதிப்பெண் பெற்றார்.

படைப்பாற்றல்: பாலக்காடு மாவட்டத்தில் கோவையை ஒட்டிய அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா, ஆடு மேய்த்தும் பயிரிட்டும் வாழ்ந்தவர். ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) படத்தில் இருள மொழியில் பாடிய பாடலுக்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசியத் திரைப்பட விருதை 2022இல் பெற்றபோது அவர் 60 வயதைக் கடந்திருந்தார். முறையான இசைப்பயிற்சி இன்றி, மரபுவழியே வளர்ந்த குரல் அவருடையது.

உடல்நலம்: மறதிநோய் முதுமையின் இயல்பான கூறு அன்று, மூளையைப் பாதிக்கும் நோய்களால் விளைவது. ஒரு பெயர் நினைவுக்கு வரச் சற்றுத் தாமதமாவது வேறு, பழகிய வழியையே மறப்பது வேறு; பின்னதற்கு மருத்துவரின் உதவி தேவை. தசைகள் வலுவிழப்பதையும் உரிய பயிற்சியால் எந்த வயதிலும் குறைக்கலாம்.