முடிவெடுப்பவர் யார்? வேலை அழுத்தத்தை அளந்த கதை

மாரடைப்பு பெரிய பதவிக்காரர்களின் நோய், பொறுப்பு கூடக்கூட நெஞ்சுவலியும் கூடும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. இன்றும் அது நம் காதில் விழுகிறது. அதை உடைத்தது லண்டன் அரசு அலுவலகங்களில் நடந்த ஓர் ஆய்வு.

1967இல் ஒயிட்ஹால் ஆய்வு தொடங்கியது. உயர் அதிகாரி முதல் கடைநிலை ஊழியர் வரை சுமார் 18,000 ஆண்களின் உடல்நிலை தொடர்ந்து கவனிக்கப்பட்டது. 1978இல் மைக்கேல் மார்மட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இது: இதய நோயால் கடைநிலை ஊழியர்கள் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைப் போல 3.6 மடங்கு. இத்தனைக்கும் எல்லோரும் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள். 1948 முதல் அங்கே எல்லோருக்கும் பொது மருத்துவமும் உண்டு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

அப்படியானால் காரணம் என்ன? 1979இல் ராபர்ட் காரசெக் ஒரு விடையை முன்வைத்தார். வேலை எவ்வளவு நெருக்குகிறது என்பது ஒரு கேள்வி. அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. நெருக்கடி மிகுந்து உரிமை குறையும் இடத்தில்தான் வேலை அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது என்றார் அவர். இதை அளக்க வினாப்பட்டியலும் உருவானது.

1985இல் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வில் 10,308 பேர் இருந்தார்கள். இம்முறை பெண்களும் உண்டு. முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்ததை 1997இல் வெளியான முடிவுகள் காட்டின. 'மனக்குறை உள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்' என்று தள்ளிவிடவும் வழியில்லை. ஊழியர் சொன்னதோடு, அந்த வேலையைப் பற்றி நிர்வாகத் தரப்பு தந்த மதிப்பீட்டையும் தனியே வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டின.

1996இல் சமூகவியலாளர் ஜோஹன்னஸ் சீக்ரிஸ்ட் இன்னொரு அளவுகோலைத் தந்தார். கொட்டும் உழைப்புக்கு ஈடாகச் சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் மட்டுமல்ல, மரியாதையும் கிடைக்கிறதா என்று அது கேட்டது. மரியாதை உடல்நலக் கணக்கில் ஏறியது.

எதையும் மிகைப்படுத்த வேண்டாம். ஐரோப்பாவில் சுமார் 1,97,000 பேரின் தரவுகளைச் சேர்த்து 2012இல் வெளியான ஆய்வில், வேலை அழுத்தம் உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் சுமார் 23 விழுக்காடு கூடுதல். புகைப்பழக்கம் செய்யும் கேடு இதைவிடப் பெரிது. ஆனால் புகையை ஒருவர் விட்டுவிடலாம், மேலதிகாரியின் அதிகாரத்தைத் தனியாளாக விட்டுவிட முடியாது.

இந்த அளவுகோல்கள் பிறந்த இடத்தில் சாதி ஒரு கேள்வியாக இல்லை. பிறப்பை வைத்து வேலையும், வேலையை வைத்து அவமதிப்பும் பங்கிடப்படும் நம் சமூகத்தில், முடிவெடுக்கும் உரிமையும் மரியாதையும் வேலைக்கு வரும் முன்பே பறிபோகின்றன. ஆகவே துப்புரவுப் பணியாளர்களிடம் கணக்கெடுக்கப் போகும்போது எத்தனை மணி நேரம் வேலை என்பதோடு நாம் நிறுத்தக் கூடாது. 'இதைச் செய்ய மாட்டேன் என்று உங்களால் சொல்ல முடியுமா? உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?' இவையும் உடல்நலம் பற்றிய கேள்விகள்தாம்.