வஹாக்கோட்டை ஆலயமும் கண்டி இராச்சியமும்

ஈழத்துத் தேவாலயக் கட்டடக்கலையை ஆராய்வோர் பெரும்பாலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட கரையோரத்தையே நோக்குவர். மாத்தளை மாவட்டத்தில், கலேவலைக்கு அண்மையிலுள்ள வஹாக்கோட்டைப் புனித அந்தோனியார் ஆலயமோ வேறொரு வரலாற்றைக் கூறுவது. அதன் தொன்மையைச் சுவரின் வயதுகொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. வழிபடும் மக்களின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

கண்டியரசர் சிறைப்பிடித்துக் குடியேற்றிய போர்த்துக்கேயப் படையினரின் வழித்தோன்றல்களே இவ்வூரவர் என்பது மரபு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் அடிகள், 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். பின்னர் அவருக்குச் சமயப்பணி புரிய இசைவளித்தவன் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன். அடிகள் 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

கிறித்தவ ஒல்லாந்தர் மறுத்த புகலிடத்தைப் பௌத்த அரசு வழங்கியமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குருமார் கண்டியிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். அதன் பின்னரும் வஹாக்கோட்டையில் வழிபாடு மறையவில்லை. ஆகவே, இவ்வாலயத்தின் உண்மையான அத்திவாரம் ஊரவரின் உறுதியே எனலாம்.