மரச்சட்டக வீடுகளில் ஸ்டக்கோ வெளிப்பூச்சு

சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் மூன்றையும் நீர்விட்டுக் குழைத்த சாந்தால் சுவரின் வெளிமுகத்தை மூடும் பூச்சு ஸ்டக்கோ எனப்படும். செங்கல், கருங்கல் சுவர்களில் அது நேராகவே பற்றிக்கொள்ளும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் எழுப்பப்படுகின்றன. அங்கே சட்டங்களின் மேல் உறைப்பலகையை அறைந்து, பலகையின் மேல் நீர் தடுக்கும் தாளை விரித்து, தாளின் மேல் கம்பிவலையை இறுக்கி, வலைக்குள் சாந்தை அழுத்திப் பூசும் முறை உருவாயிற்று. வெளியே நனைந்தாலும் கெடாத ஓடு, உள்ளே நனைந்தால் உளுத்துப்போகும் மரம். இரண்டுக்கும் நடுவில் எதை வைப்பது என்ற கேள்வியைச் சுற்றியே இந்தக் கட்டுமுறையின் நூறாண்டு வரலாறு நகர்ந்திருக்கிறது.

தொடக்கம்

பூச்சுக்கலை மிகப் பழையது. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் ஏழாம் பகுதியில், மணற்சாந்தை மூன்று முறையும் பளிங்குத்தூள் சாந்தை மூன்று முறையும் பூசச் சொல்கிறார். இங்கிலாந்தில் 1796-இல் ஜேம்ஸ் பார்க்கர் காப்புரிமை பெற்ற ‘ரோமன் சிமெண்ட்’, செங்கல் வீடுகளுக்குக் கல்வீட்டின் தோற்றத்தைத் தந்தது. ஜான் நாஷ் வடிவமைத்த ரீஜன்ட்ஸ் பார்க் மாளிகை வரிசைகள் அந்த ஆசையின் உச்சம். 1824-இல் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் அதைத் தயாரிக்கும் காப்புரிமை 1871-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டேவிட் செய்லருக்குக் கிடைத்தது.

மரவீட்டுக்குப் பூச்சு வந்த வழி வேறு. 1830-களில் சிகாகோ வட்டாரத்தில் பரவத் தொடங்கிய இலேசான மரச்சட்டக முறை, வீடு கட்டும் வேகத்தையும் செலவையும் அடியோடு மாற்றியது. அப்படிக் கட்டிய வீட்டுக்குப் பூச்சு வேண்டுமென்றால், மெல்லிய மரப்பட்டிகளைச் சிறு இடைவெளி விட்டு அறைந்து, மாட்டுமயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தை அந்த இடைவெளிகளுக்குள் புகுமாறு அழுத்துவார்கள். மறுபுறம் பிதுங்கி இறுகும் சாந்து கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு இளகிய பொருள். மரம் உப்பினாலும் சுருங்கினாலும் அது ஓரளவு கூடவே அசைந்து கொடுக்கும், வாங்கிய ஈரத்தைத் திருப்பியும் விட்டுவிடும். அதற்கு ஈடாக, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்துப் பராமரிக்க வேண்டியிருந்தது.

போர்ட்லண்ட் சிமெண்ட் மலிவானதும் இந்த இணக்கம் குலைந்தது. புதிய பூச்சு கடினமானது, விறைப்பானது. பூசும்போது ஈரத்தை உறிஞ்சி உப்பிய மரப்பட்டிகள் பிறகு காய்ந்து சுருங்க, பூச்சு பிளந்தது. தீர்வு இரும்பிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஜான் பிரெஞ்ச் கோல்டிங் 1880-களில் உருவாக்கிய விரிதகடு, தகட்டில் கீறல்களிட்டு இழுத்து வலையாக்கிய பொருள். அதுவும் பின்னிய கம்பிவலையும் மரப்பட்டிகளை மெல்ல மெல்ல ஓரங்கட்டின.

இந்தப் பூச்சு எவ்வளவு நாள் தாங்கும் என்று அமெரிக்க அரசே சோதித்துப் பார்த்தது. 1915-இல் தேசியத் தரநிர்ணயப் பணியகம் வாஷிங்டனில் ஒரு சோதனைக் கட்டடத்தை எழுப்பி, ஐம்பதுக்கும் மேற்பட்ட பலகங்களில் வெவ்வேறு அடித்தளங்களையும் கலவைகளையும் பூசிக் கவனித்தது. பலவற்றில் விரிசல் விட்டது. பூச்சின் ஆயுள் கலவையில் மட்டும் இல்லை, அதைத் தாங்கும் அடித்தளத்திலும் இருக்கிறது என்ற புரிதலுக்கு இத்தகைய சோதனைகள் வழிவகுத்தன.

பரவிய காலம்

அதே 1915-இல் சான் டியாகோவில் பனாமா-கலிஃபோர்னியா கண்காட்சி தொடங்கியது. பெர்ட்ரம் குட்ஹியூ அங்கே எழுப்பிய ஸ்பானிய பாணிக் கட்டடங்கள் கலிஃபோர்னியாவின் கண்ணையே மாற்றிவிட்டன. 1925 ஜூன் 29-இல் நிலநடுக்கத்தில் சிதைந்த சான்டா பார்பரா நகரம், வெண்ணிறப் பூச்சும் சிவப்பு ஓடுமாக அந்தப் பாணியிலேயே மீண்டெழுந்தது. ஆடோபி மண்சுவரின் தோற்றத்தைத் தாங்கிய இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் எலும்பு மரம்தான். நாட்டின் பிற பகுதிகளில், வண்ணம் உதிர்ந்த பழைய பலகைச் சுவர்களின் மேல் வலை அறைந்து ஸ்டக்கோ பூசி வீட்டைப் புதுப்பிப்பதும் இதே காலத்தில் பெருகியது.

வறண்ட தென்கலிஃபோர்னியாவில் உறைப்பலகையே இல்லாத ஒரு சிக்கன முறை வேரூன்றியது. சட்டங்களின் குறுக்கே கம்பிகளை நாண்போல் இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் தாரூட்டிய தாளும் கோழிவலையும் விரித்து நேராகப் பூசிவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1950-களிலும் 60-களிலும் முளைத்த பெட்டி வடிவ அடுக்குமாடிகளும் ஸ்டக்கோச் சுவர்களால் ஆனவையே. மழை குறைவு, வெயில் மிகுதி, சுவருக்குள் வெப்பக்காப்பு அனேகமாக இல்லை. புகுந்த ஈரம் இரு பக்கமும் காய்ந்துவிடும். சுவரின் குறைகளை வானிலை மன்னித்துக்கொண்டிருந்தது.

கனடாவின் மேற்கு மாகாணங்களில் பூச்சு தனக்கென ஓர் அழகைத் தேடிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய ஏராளமான வீடுகளில், ஈரம் காயாத கடைசிப் பூச்சின் மேல் உடைத்த கண்ணாடிப் புட்டித் துண்டுகளையும் கல் சல்லிகளையும் வீசிப் பதித்தார்கள். வான்கூவரிலும் எட்மண்டனிலும் பழைய தெருக்களில் பழுப்பும் பச்சையுமாக மின்னும் அந்தச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு இவ்வளவு மலிவாக இவ்வளவு நீடித்த அலங்காரம் வேறு எதிலும் கிடைத்திருக்காது.

பூசும் முறை

மரச்சட்டகத்துக்குரிய மரபு மூன்று பூச்சு. முதற்பூச்சு சுமார் 9.5 மில்லிமீட்டர். வலை முழுதும் புதையும்படி கரணையால் அழுத்தி, அடுத்த பூச்சு பற்றுவதற்காகச் சீப்புக் கருவியால் கிடைமட்டக் கீறல்கள் இடுவார்கள். இரண்டாம் பூச்சும் அதே கனம். மட்டக்கோலால் இழுத்துச் சுவரைச் சமப்படுத்துவது இந்தக் கட்டத்தில்தான். கடைசிப் பூச்சு 3 மில்லிமீட்டர், நிறமும் சொரசொரப்பும் அதற்குரியவை. மொத்தம் 22 மில்லிமீட்டர். முதற்பூச்சைக் குறைந்தது 48 மணி நேரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டாம் பூச்சுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 7 நாள் இடைவெளி வேண்டும். சிமெண்ட் சுருங்கி விடவேண்டிய விரிசல்களை இந்த நாட்களில் விட்டு முடித்துவிடும், கடைசிப் பூச்சு அவற்றை மூடிக்கொள்ளும். அவசரப்படும் கட்டுமானத்தில் முதலில் பலியாவது இந்தக் காத்திருப்புதான்.

வலை தாளோடு ஒட்டிக் கிடந்தால் சாந்து அதைச் சூழ்ந்து பிடிக்க முடியாது; ஆகவே சுமார் 6 மில்லிமீட்டர் விலக்கி நிறுத்தும் ஆணிகளையோ, மேடு வைத்து நெய்த வலையையோ பயன்படுத்துவார்கள். ஆணி உறைப்பலகையில் மட்டும் இறங்கினால் போதாது, பின்னால் உள்ள சட்டத்தில் இறங்க வேண்டும். பெரிய பரப்புகளைச் சுமார் 13 சதுர மீட்டருக்கு மிகாத கட்டங்களாகப் பிரிப்பது விரிசலைக் கட்டுப்படுத்தும். சுவரின் அடியில் துளையிட்ட உலோகப் பட்டி ஓடும். தாளின் மேல் வழிந்திறங்கும் நீர் வெளியேற அதுவே வழி. அது மண்ணிலிருந்து குறைந்தது 4 அங்குலமும் கல்தளத்திலிருந்து 2 அங்குலமும் உயர்ந்திருக்க வேண்டும். தோட்டத்துக்கு மண் கொட்டி அந்தப் பட்டியைப் புதைத்துவிடும் வீட்டுக்காரர்கள் ஏராளம்.

தாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்டக்கோ நீர்புகாப் பொருள் அன்று. மழையில் அது நனையும், விரிசல் வழியே நீரை உள்ளே விடும். ஒற்றைத் தாள் மட்டும் இருந்தால் சாந்து அதனோடு ஒட்டி இறுகிவிடும், நீர் வழிய இடமிருக்காது. இரண்டு தாள்களை விரித்தால் வெளித்தாள் சாந்துக்குப் பலியாகும். சாந்தின் ஈரத்தில் உப்பிய அது காய்ந்து சுருங்கும்போது உள்தாளிலிருந்து மயிரிழை அளவு விலகும். அந்த நூலிழை இடைவெளியில்தான் நீர் வடியும். மரவகை உறைப்பலகையின் மேல் பூசுவதானால் இரண்டு தாளுக்கு நிகரான தடுப்பு வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் வலியுறுத்துவது இதனால்தான். பழைய கொத்தனார்கள் அறிவியல் விளக்கம் தேடாமலே கைக்கொண்ட நல்ல வழக்கம் இது.

நெருக்கடி

உறைப்பலகை மெல்ல மாறிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் தடித்த பலகைகளை, பெரும்பாலும் சாய்வாக, அறைந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளைவுட் அந்த இடத்தைப் பிடித்தது. 1980-களிலிருந்து மரச்செதில்களைப் பசையிட்டு அழுத்திய ஓ.எஸ்.பி. பலகை மலிவால் முந்தியது. மரப்பலகை நிறைய ஈரத்தைத் தாங்கி, மெல்ல உலரும். பிளைவுட்டின் தாங்குதிறன் அதைவிடக் குறைவு. ஓ.எஸ்.பி. நனைந்தால் ஓரங்களில் உப்பும், ஈரத்தைத் தன்னூடே விடவும் தயங்கும். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சுவர்களுக்குள் வெப்பக்காப்புப் பஞ்சு நிறைந்தது. வீட்டின் சூடு சுவரை உலர்த்துவது அத்தோடு குறைந்தது. உட்புறம் நெகிழித்தாள் வந்து அந்தப் பக்கத்து வழியையும் அடைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தக்க காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்த சுவர் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கத்தான் ஆளில்லை.

விலையைக் கொடுத்தது வான்கூவர். ஓயாத குளிர்கால மழையுள்ள அந்தக் கரையோரத்தில் 1980-களிலும் 90-களிலும் கலிஃபோர்னியா சாயலில், கூரை இறவாணம் இல்லாமல், ஸ்டக்கோ முகத்தையே மழைத் தடுப்பாக நம்பி அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் சுவர்களைத் திறந்தபோது உறைப்பலகை கையால் பிய்த்தெடுக்கும் அளவுக்கு மட்கியிருந்தது. சேமிப்பு முழுவதையும் போட்டு வீடு வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள், வீட்டுக்கடனோடு பழுதுச் செலவையும் சுமந்தன. கட்டியவர்களில் பலர் நிறுவனத்தை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். 1998-இல் மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தொடர்ச்சியாக வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கனடாவின் வீட்டுவசதி நிறுவனம் 1996-இல் வெளியிட்ட கள ஆய்வு காட்டிய உண்மை முக்கியமானது. நீரின் பெரும்பகுதி பூச்சின் பரப்பு வழியே புகவில்லை; சன்னல் ஓரங்கள், மாடத்தின் விளிம்புகள், கைப்பிடிச் சுவரின் தலை போன்ற சந்திப்புகளிலேயே புகுந்தது. பூசிய கொத்தனார் மீது பழி போடுவது எளிது. உண்மையில் தவறு வரைபடத்திலும், ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடங்களிலும் இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ஸ்டக்கோவின் சாயல்கொண்ட இன்னொரு பூச்சு இதே கதிக்கு உள்ளானது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் பிறந்து 1969-இல் அமெரிக்கா வந்த அந்த முறையில், நுரைப்பலகையின் மேல் மெல்லிய செயற்கைப் பூச்சு இடுவார்கள். ஜெர்மனியில் அதன் பின்னால் கல்சுவர் இருந்தது, இங்கே மரப்பலகை. உள்ளே போன நீருக்கு வெளியேற வழி வைக்கவில்லை. 1994 ஜனவரி 17-இல் தென்கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வேறொரு குறையைக் காட்டிக்கொடுத்தது. பக்கவாட்டு விசையை ஸ்டக்கோவே தாங்கும் என்று நம்பிக் கட்டிய சுவர்கள் நொறுங்கின. நார்த்ரிட்ஜ் மெடோஸ் அடுக்குமாடியில் மட்டும் 16 பேர் இறந்தனர்.

உள்ளே புகும் ஈரத்துக்கு வெளியேற வழி வேண்டும் என்ற பாடம் மண்சுவரிலும் இருக்கிறது. நியூ மெக்சிகோவின் ராஞ்சோஸ் டி தாவோஸ் ஊரிலுள்ள சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்கு 1967-இல் சிமெண்ட் பூசினார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் ஆடோபியைக் கரைக்கத் தொடங்கவே, 1979-இல் அதை உரித்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். ஊர்மக்கள் கூடி ஆண்டுதோறும் பூசி வருகிறார்கள்.

மழைத்திரைச் சுவர்

வான்கூவரின் விடை, பூச்சுக்கும் உறைப்பலகைக்கும் நடுவே வெளிப்படையான காற்றிடைவெளி. தாளின் மேல் சட்டங்களுக்கு நேராகச் செங்குத்து மரப்பட்டிகளை அறைந்து, அவற்றின் மேல் வலையும் சாந்தும் ஏற்றுவார்கள். ஸ்டக்கோ முதல் மழையை வாங்கிக்கொள்ளும், தப்பிய நீர் இடைவெளியில் வழிந்து அடிப்பட்டியில் வெளியேறும், காற்று எஞ்சிய ஈரத்தை உலர்த்தும். பட்டிகளின் கனம் பொதுவாக 19 மில்லிமீட்டர். கூரை விளிம்பு சுவரைச் சந்திக்கும் இடத்தில் நீரை வெளியே திருப்பிவிடும் மடிப்புத் தகடும், சன்னலின் அடியில் சாய்வான தகடும் இதனோடு சேர்ந்தவை. நுரை நெகிழி வலையாலான மெல்லிய வடிகால் பாய்களும் சந்தைக்கு வந்திருக்கின்றன.

கனடாவின் தேசியக் கட்டட விதிகள் ஈரமிக்க பகுதிகளில் குறைந்தது 10 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கின்றன. அமெரிக்காவின் மாதிரி வீட்டு விதிகள் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. ஈரமான, கடலோரக் காலநிலை மண்டலங்களில் மரவகை உறைப்பலகையின் மேல் ஸ்டக்கோ பூசும்போது தாளுக்கு வெளியே 3/16 அங்குல இடைவெளியோ வடிகால் பாயோ வைக்கும் தேர்வு 2021 பதிப்பில் இடம்பெற்றது. வறண்ட மண்டலங்களில் பழைய இரட்டைத்தாள் முறையே தொடர்கிறது.